ஆடும் புலியும்: மேசைமேல் நடக்கும் சமமற்ற போர்

('வெற்றிக்கு வலிமை மட்டும் போதுமா?' என்ற தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



வெற்றிக்கு வலிமை மட்டும் போதுமா என்பது இன்றைய கேள்வி. இதற்கு விடை தேடிப் போர்க்களத்துக்குப் போகத் தேவையில்லை. தரையில் கோடு போட ஒரு சுண்ணாம்புக் கட்டியும், ஒரு கைப்பிடி புளியங்கொட்டையும், நாலைந்து கூழாங்கல்லும் போதும்.

ஆடுபுலி ஆட்டம் ஆடியவர்கள் இந்த அவையில் கட்டாயம் இருப்பார்கள். புலி 3, ஆடு 15. புலி தாண்டிக் குதித்து ஆட்டை வெட்டலாம். ஆடு புலியை வெட்டவே முடியாது. கேட்பவருக்கு இது அநியாயமான ஆட்டமாகத் தோன்றும். ஆனாலும் பொறுமையாக ஆடத் தெரிந்த பாட்டியிடம் புலியை வைத்துக்கொண்டு தோற்றுப்போன பேரப்பிள்ளைகள் எத்தனையோ பேர். புலிகள் மூன்றும் நகர இடமில்லாமல் அடைபட்டுவிட்டால் ஆட்டம் முடிந்தது. ஆடுகள் வென்றன.

சதுரங்கத்தில் இரண்டு பக்கமும் 16 காய்கள். அங்கே இருக்கும் அதேதான் இங்கேயும் இருக்கும். ஆடுபுலி ஆட்டத்தில் அந்தச் சமம் கிடையாது. இருந்தும் அது நியாயமான ஆட்டம்தான். ஏன் என்றால், வெற்றி என்ற சொல்லுக்குப் புலிக்கு ஒரு பொருள், ஆட்டுக்கு வேறொரு பொருள். புலி கொன்றால் வெற்றி. ஆடு மறித்தால் வெற்றி.

இந்தச் சிறிய உண்மையை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். உலகின் பல நாடுகளில் வளர்ந்த மனிதர்கள் மேசையைச் சுற்றி நின்று ஆடும் ஒரு பெரிய ஆட்டத்துக்கும் அதுதான் அடிப்படை.

பொம்மை வீரர்கள், உண்மையான கணக்கு

மேசைப் போர் விளையாட்டு என்று அதைச் சொல்லலாம். ஆறடி நீளம், நாலடி அகலத்தில் ஒரு மேசை. அதன்மேல் பச்சைத் துணி, அட்டையால் செய்த குன்று, நீல வண்ணம் பூசிய ஆறு, தீக்குச்சியால் செய்த வேலி. அந்த நிலத்தில் விரல் உயரமே உள்ள பொம்மை வீரர்கள். 28 மில்லிமீட்டர் அளவு பரவலானது. அதைவிடச் சிறிய 15 மில்லிமீட்டர், 6 மில்லிமீட்டர் பொம்மைகளும் உண்டு. உலோகத்திலோ பிளாஸ்டிக்கிலோ வார்த்த அந்த வீரனுக்குச் சட்டைப் பொத்தான் வரை நுண்தூரிகையால் வண்ணம் தீட்டுவார்கள். ஒரு படையை முடிக்கச் சிலருக்கு ஆண்டுக்கணக்கு ஆகும்.

வீரர் எவ்வளவு தூரம் நகரலாம் என்பதை அளவுநாடா சொல்லும். சுட்டது பட்டதா இல்லையா என்பதைப் பகடை சொல்லும். குன்றின்மேல் நிற்பவனுக்கும் சுவருக்குப் பின்னால் நிற்பவனுக்கும் விதிநூல் சலுகை கொடுக்கும். பகடை இருக்கிறது என்பதால் இதைச் சூதாட்டம் என்று எண்ண வேண்டாம். போரில் மனிதன் கையில் இல்லாத காற்று, மழை, அச்சம், தவறாகக் கேட்ட கட்டளை ஆகிய அனைத்துக்கும் பகடை ஒரு பதிலாள்.

இதன் வேர் படைத்துறையில் இருக்கிறது. பிரஷ்ய நாட்டுப் பீரங்கிப்படை அதிகாரியான ரைஸ்விட்ஸ் என்பவர், தம் தந்தை தொடங்கிய முயற்சியை வளர்த்து, 1824ஆம் ஆண்டில் வரைபடம், கட்டைகள், பகடை, நடுவர் ஆகியவை கொண்ட ஒரு போர்ப் பயிற்சி ஆட்டத்தைப் படைத் தலைமைக்குக் காட்டினார். இது பொழுதுபோக்கு அன்று, போருக்கான பள்ளிக்கூடம் என்று தலைமைத் தளபதி மஃப்ளிங் கண்டுகொண்டார். படைப்பிரிவுகளுக்கெல்லாம் அது பரவியது.

அறிவியல் கதைகளால் புகழ்பெற்ற எச். ஜி. வெல்ஸ், 1913இல் அதே ஆட்டத்தை வீட்டுத் தரைக்குக் கொண்டுவந்தார். 'லிட்டில் வார்ஸ்' என்ற அவருடைய நூலில் பொம்மை வீரர்களும், மரத்துண்டைச் சுடும் விசைப் பீரங்கியும் உண்டு. உண்மையான போர் எவ்வளவு மடத்தனமானது என்பதை இந்தச் சின்னப் போரை ஆடிப் பார்த்தாலே புரிந்துகொள்ளலாம் என்பது அவர் நூலின் முடிவில் சொன்ன கருத்து. அடுத்த ஆண்டே முதல் உலகப் போர் வெடித்தது.

இனி முக்கியமான சிக்கலுக்கு வருவோம். ஒருவர் ரோமானியப் படையை வைத்திருக்கிறார். எதிரே இருப்பவரிடம் ஜப்பானியச் சாமுராய்ப் படை. இந்த இரண்டும் வரலாற்றில் சந்தித்ததே இல்லை. இவற்றை எப்படி மோதவிடுவது?

அதற்குத்தான் புள்ளிக் கணக்கு. ஒவ்வொரு வீரனுக்கும் ஒரு விலை. கவசம் இருந்தால் கூடுதல் விலை, குதிரை இருந்தால் இன்னும் கூடுதல், பயிற்சி இல்லாதவனுக்குக் குறைந்த விலை. இரு தரப்பும் ஒரே தொகைக்குப் படை திரட்ட வேண்டும். சந்தைக்குச் செல்லும் இருவர் கையிலும் ஒரே அளவு பணம் கொடுப்பதுபோல. டி.பி.ஏ. எனச் சுருக்கமாக அழைக்கப்படும் 1990ஆம் ஆண்டு விதிநூல் இன்னும் எளிய வழியைக் கண்டது. எந்த நாட்டுப் படையானாலும் 12 பிரிவுதான். உலகின் பழங்காலப் படைகளைத் தேடித் தொகுத்த அதன் பட்டியலில் யானைகளோடு தமிழர் படைக்கும் ஓர் இடம் உண்டு.

ஆனால் இப்படிச் சமப்படுத்திய ஆட்டத்தில் ஒரு குறை. வரலாற்றில் எந்தப் படைத்தலைவனும் எதிரியோடு அமர்ந்து புள்ளி எண்ணிவிட்டுப் போருக்குப் போனதில்லை. ஆகவே, சமமில்லாத படைகளைச் சமமில்லாமலேயே மேசைமேல் நிறுத்த ஆசைப்படுகிறவர்கள் உண்டு. அவர்களில் பலர் திரும்பத் திரும்பத் தேடிப் போகும் நாள் ஒன்று இருக்கிறது. அது 1879ஆம் ஆண்டு ஜனவரி 22.

ஒரே நாள், இரண்டு போர்

இடம் தென்னாப்பிரிக்கா. பிரிட்டிஷாரின் நேட்டால் குடியேற்ற நாட்டுக்கு வடக்கே சூலு மக்களின் சுதந்திர அரசு. மன்னர் செட்ஷ்வாயோ. நேட்டால் என்ற பெயர் தமிழர்களுக்குப் புதிதன்று. சென்னையிலிருந்து புறப்பட்ட 'ட்ரூரோ' கப்பல் 1860 நவம்பர் 16இல் முதல் ஒப்பந்தத் தொழிலாளர்களை இறக்கியது அதன் டர்பன் துறைமுகத்தில்தான். கரும்புத் தோட்டங்களில் அவர்கள் வேலை செய்துகொண்டிருந்த காலத்தில், வடக்கு எல்லையில் இந்தப் போர் மூண்டது.

மூட்டியவர் பிரிட்டிஷ் உயர் ஆணையர் பார்ட்டல் ஃபிரியர். 1878 டிசம்பர் 11இல் சூலு மன்னருக்கு அவர் ஓர் இறுதி எச்சரிக்கை விடுத்தார். படை முறையையே கலைத்துவிட வேண்டும் என்பது அதிலிருந்த நிபந்தனைகளுள் ஒன்று. சூலு சமுதாயத்தில் ஒரே வயது இளைஞர்கள் ஒரே அணியில் சேர்வதுதான் வாழ்க்கை முறை. திருமணம்கூட அதைச் சார்ந்தது. அதைக் கலை என்பது அரசையே கலை என்பதற்குச் சமம். எந்த மன்னரும் ஒப்புக்கொள்ள முடியாத நிபந்தனை. ஜனவரி 11இல் பிரிட்டிஷ் படை எருமை ஆற்றைக் கடந்தது.

தளபதி செம்ஸ்ஃபோர்டு பிரபு இசாண்டுல்வானா என்ற மலையடிவாரத்தில் முகாமிட்டார். தற்காலிக முகாம்தானே என்று அகழி வெட்டவில்லை. வண்டிகளை வட்டமாக நிறுத்தி அரணும் அமைக்கவில்லை. 22ஆம் நாள் விடியும் முன், எதிரி தென்கிழக்கே இருப்பதாக எண்ணித் தம் படையில் ஏறத்தாழப் பாதியை அழைத்துக்கொண்டு போய்விட்டார். முகாமில் எஞ்சியவர்கள் சுமார் 1,700 பேர். அவர்கள் கையில் மார்ட்டினி-ஹென்றி துப்பாக்கி. பயிற்சி பெற்றவன் நிமிடத்துக்குப் பத்துமுறைகூடச் சுடலாம். இரண்டு பீரங்கிகளும் இருந்தன.

எதிரி வேறு திசையில் இருந்தான். சில கிலோமீட்டர் தொலைவில் ஒரு பள்ளத்தாக்கில் சுமார் 20,000 சூலு வீரர்கள் ஓசையின்றி அமர்ந்திருந்தார்கள். தலைமை தாங்கியவர் முதியவரான நட்சிங்வாயோ. அன்று அமாவாசை. போருக்கு ஆகாத நாள் என்று மறுநாளுக்காகக் காத்திருந்தார்கள். நண்பகல் வாக்கில் பிரிட்டிஷ் ஒற்றர் குதிரைப்படை அவர்களைத் தற்செயலாகக் கண்டுவிட்டது. இனி மறைந்திருந்து பயனில்லை. எழுந்துவிட்டார்கள்.

சூலு படை நகர்வதற்கு எருதின் கொம்பு என்று பெயர். நடுவில் மார்பு, இருபுறமும் கொம்புகள், பின்னால் இடுப்பு. மார்பு நேராக மோதி எதிரியைப் பிடித்துவைக்கும். கொம்புகள் இரண்டும் சுற்றிவந்து பின்னால் கூடும். இடுப்பு, தேவைப்படும்வரை காத்திருக்கும். அன்று வலக்கொம்பு மலையின் பின்புறமாகச் சென்று முகாமுக்கு வந்த பாதையையே அடைத்தது. முகாமிலிருந்து வெகுதூரம் தள்ளிப் பரவலாக நின்ற துப்பாக்கி வரிசை, பின்வாங்கிச் சேர்வதற்குள் உடைந்தது. பிற்பகலில் பகுதிச் சூரிய கிரகணம். வானம் மங்கிய வேளையில் முகாமும் முடிந்தது. பிரிட்டிஷ் தரப்பில் 1,300க்கும் மேற்பட்டோர் மாண்டனர். சூலு தரப்பிலும் ஆயிரம்பேர் அளவில் இறந்தார்கள்.

அதே நாள் மாலை, சுமார் 15 கிலோமீட்டர் தொலைவில், ஆற்றின் இக்கரையில் ரோர்க்ஸ் டிரிஃப்ட் என்ற இடம். ஒரு சமய ஊழியர் வாழ்ந்த வீடு. அதை மருத்துவமனை ஆக்கியிருந்தார்கள். பக்கத்தில் ஒரு கிடங்கு. இருந்தவர்கள் சுமார் 150 பேர். அதில் படுத்த படுக்கையாய் இருந்த நோயாளிகளும் அடக்கம். பொறியியல் பிரிவு அதிகாரி சார்டும், காலாட்படை அதிகாரி பிராம்ஹெட்டும் தலைமை. ஓடிவிடலாமா என்ற பேச்சு எழுந்தபோது, உணவுப் பொருள் பிரிவைச் சேர்ந்த டால்ட்டன் என்ற பழைய இராணுவக்காரர், வெட்டவெளியில் நோயாளிகளை ஏற்றிய வண்டியோடு போனால் பிடிபடுவோம், இங்கேயே நிற்பதுதான் வழி என்றார். கிடங்கிலிருந்த சோளமூட்டைகளையும் ரொட்டிப் பெட்டிகளையும் மார்பளவு அடுக்கிச் சுவர் எழுப்பினார்கள்.

வந்தது மூவாயிரம் முதல் நாலாயிரம் வரையிலான சூலு படை. இசாண்டுல்வானாவில் போரில் இறங்காத 'இடுப்பு'ப் பகுதி. தலைமை மன்னரின் தம்பி முறையான டபுலமான்சி. நேட்டாலுக்குள் போகக்கூடாது என்பது மன்னரின் கட்டளை. அதை மீறித்தான் ஆற்றைக் கடந்தார்கள். மாலை நாலரை மணி அளவில் தொடங்கிய தாக்குதல் நள்ளிரவு தாண்டியும் நீடித்தது. மருத்துவமனை தீப்பற்றி எரிந்தது. உள்சுவர்களை இடித்துத் துளைபோட்டு நோயாளிகளை ஒவ்வோர் அறையாக இழுத்துச் சென்றார்கள். விடிந்தபோது சூலு படை போய்விட்டிருந்தது. உள்ளே இருந்தவர்களில் 17 பேர் இறந்தார்கள். வெளியே 350க்கும் மேற்பட்ட சூலு உடல்கள். காயம்பட்டு விழுந்துகிடந்த சூலு வீரர்கள் பின்னர் கொல்லப்பட்டதும் வரலாற்றில் பதிவானதே. பிரிட்டன் 11 விக்டோரியா சிலுவைகளை வழங்கியது.

மேசைமேல் வரும்போது

இந்த இரண்டையும் மேசைக்குக் கொண்டுவருவது எப்படி? புள்ளிக் கணக்கு இங்கே உதவாது. இசாண்டுல்வானாவை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பொம்மை 20 பேருக்குச் சமம் என்று வைத்தால், பிரிட்டிஷ் தரப்புக்கு 85 பொம்மை, சூலு தரப்புக்கு ஆயிரம். வண்ணம் தீட்டுபவர் பாவம் அல்லவா?

அதைவிடப் பெரிய சிக்கல், ஆடுபவருக்கு வரலாறு தெரியும் என்பது. பிரிட்டிஷ் தரப்பை ஏற்பவர் முதல் சுற்றிலேயே வண்டிகளை வட்டமாக நிறுத்திவிடுவார். உண்மையான தளபதிக்கு அந்த அறிவு அன்று இருக்கவில்லை. ஆகவே அனுபவமுள்ள நடுவர்கள் எதிரியை மேசைமேல் வைக்காமல் மறைத்து வைப்பார்கள். எந்தத் திசையில், எத்தனை பேர் என்று கண்ணால் கண்ட பிறகே பொம்மைகள் மேசைக்கு வரும். சிலர் ஊர்ப்பெயரையே மாற்றி, வேறு நாட்டுப் போர்போல வேடமிட்டு ஆடவிடுவதும் உண்டு. அறியாமையும் போரில் ஒரு படைக்கலம் என்பதை ஆடுபவர் அப்போதுதான் உணர்கிறார்.

1979ஆம் ஆண்டில், அதாவது இந்தப் போரின் நூறாவது ஆண்டில், லாரி பிராம் என்ற அமெரிக்கர் 'தி சோர்ட் அண்ட் தி ஃபிளேம்' என்ற விதிநூலை வெளியிட்டார். சமமற்ற படைகளுக்காகவே எழுதிய நூல். அதில் ஒரு சீட்டுக்கட்டுக்கு வேலை உண்டு. சிவப்புச் சீட்டு வந்தால் பிரிட்டிஷ் தரப்பின் ஓர் அணி நகரும். கறுப்புச் சீட்டு வந்தால் எதிர்த்தரப்பு. அடுத்து யார் என்பது யாருக்கும் தெரியாது. அதுமட்டுமல்ல, துப்பாக்கிக்கு எதிரே பாய்ந்து செல்லும் அணிக்குத் துணிவு இருக்கிறதா என்று பகடை உருட்டிப் பார்க்க வேண்டும். எதிர்கொண்டு நிற்கும் அணிக்கும் அதே சோதனை உண்டு. ஈட்டி எத்தனை, துப்பாக்கி எத்தனை என்ற எண்ணிக்கையைவிட, நிற்பானா ஓடுவானா என்பதே முடிவைத் தீர்மானிக்கும்.

ரோர்க்ஸ் டிரிஃப்டை அமைப்பது சற்று எளிது. 150 பேருக்கு 150 பொம்மை வைத்துவிடலாம். ஆனால் எதிரே நாலாயிரம் பொம்மைக்கு எங்கே போவது? அதற்கு ஒரு தந்திரம் கண்டிருக்கிறார்கள். விழுந்த சூலு பொம்மையை எடுத்து மேசையின் ஓரத்தில் வைப்பது. அடுத்த அலையில் அதையே புதிய வீரனாக மீண்டும் அனுப்புவது. இருநூறு பொம்மை இருந்தால் இரவெல்லாம் ஆடலாம். பிரிட்டிஷ் தரப்புக்கு வெற்றி என்பது எதிரியை அழிப்பதில் இல்லை. குறித்த சுற்றுகள் முடியும்வரை சுவருக்குள் உயிரோடு இருப்பதில் இருக்கிறது. பாட்டியின் ஆடுபுலி ஆட்டம் நினைவுக்கு வருகிறதா? இரு தரப்புக்கும் வெற்றியின் பொருள் வேறு.

ஆக, ஒரே நாளில், ஒரே இரு படைகள், ஒரே துப்பாக்கி, ஒரே ஈட்டி. முகாமில் இருந்த 1,700 பேரில் 1,300க்கும் மேற்பட்டோர் அழிந்தார்கள். மூட்டைச் சுவருக்குள் இருந்த 150 பேரில் பெரும்பாலோர் பிழைத்தார்கள். வலிமைதான் வெற்றி என்றால், முடிவு தலைகீழாக அல்லவா இருந்திருக்க வேண்டும்?

திருக்குறளில் 48ஆம் அதிகாரம் வலியறிதல். வள்ளுவர் அதோடு நிறுத்தவில்லை. 49ஆம் அதிகாரம் காலமறிதல்; 50ஆம் அதிகாரம் இடனறிதல். மூன்றையும் அடுத்தடுத்து வைத்தார். இசாண்டுல்வானாவில் பிரிட்டிஷாருக்கு வலி இருந்தது, இடம் தெரியவில்லை. ரோர்க்ஸ் டிரிஃப்டில் சூலு படைக்கு வலி இருந்தது. பசியோடு, நெடுந்தூரம் ஓடிவந்து, சுவருக்கு எதிரே, மாலை வேளையில் இறங்கினார்கள். காலமும் இடமும் கைவிட்டன. மேசையைச் சுற்றி நிற்பவர் ஒரே மாலையில் இதைத் தம் கையாலேயே கண்டுவிடுகிறார்.

விழுந்த பொம்மை எழும், விழுந்தவன் எழுவதில்லை

இதுவரை சொன்னது ஆட்டத்தின் அழகு. இனிச் சொல்ல வேண்டியது அதன் உறுத்தல்.

ரோர்க்ஸ் டிரிஃப்டைக் காத்தவர்களின் பெயர்ப்பட்டியல் இன்றும் இருக்கிறது. அவர்களில் சிலருக்குத் தனித்தனி முகத்தோடு பொம்மைகள் கிடைக்கின்றன. இதுதான் சார்ட், இதுதான் பிராம்ஹெட் என்று கைகாட்டலாம். 1964இல் வந்த 'சூலு' திரைப்படமும் அந்தப் பெயர்களை உலகமறியச் செய்தது. சுவருக்கு வெளியே விழுந்தவர்களில் பெரும்பாலோரின் பெயரை யாரும் எழுதிவைக்கவில்லை. அவர்கள் மேசையில் அலையாக வருகிறார்கள், அலையாகப் போகிறார்கள். அதே பொம்மை ஐந்தாவது முறையாக வந்து விழுகிறது. ஒரு தரப்பை ஒவ்வொருவராக எண்ணுகிறோம். இன்னொரு தரப்பைக் குவியலாக எண்ணுகிறோம். அந்தப் படைகளுக்கிடையே இருந்த பெரிய சமமின்மை இதுவாகவும் இருக்கலாம்.

விழுந்த சூலு வீரன் மீண்டும் வருவான் என்ற அந்த விதி, உண்மையில் நடந்ததற்கு நேர்மாறானது. இறந்த சூலு வீரனுக்குப் பதிலாள் கிடையாது. அவன் சம்பளத்துக்கு வந்த சிப்பாய் அல்லன். மாடு மேய்த்து, சோளம் விளைவித்த குடும்பத்தின் மகன். அவன் போனால் அடுத்த பருவத்து வயலுக்கு ஆள் இல்லை. வெற்றிபெற்ற அன்றே சூலு நாடு ஆயிரம் வீட்டில் ஒப்பாரி கேட்டது.

மறுபடி மறுபடி வர முடிந்தது பிரிட்டிஷ் தரப்புக்குத்தான். தோல்விச் செய்தி லண்டனை அடைந்ததும் கப்பல் கப்பலாகப் படை வந்து இறங்கியது. அதே ஆண்டு ஜூலை 4. மன்னரின் தலைநகரான உலுண்டிக்கு எதிரே அதே செம்ஸ்ஃபோர்டு சுமார் 5,000 பேரோடு வந்தார். இம்முறை நாற்புறமும் முகம் பார்த்த சதுர அணி, பீரங்கிகள், கைப்பிடியைச் சுழற்றிச் சுடும் கேட்லிங் துப்பாக்கிகள். அவர் பாடம் கற்றிருந்தார். போர் ஒரு மணி நேரம்கூட நீடிக்கவில்லை. பிரிட்டிஷ் தரப்பில் இறந்தவர்களைப் பத்துப் பன்னிரண்டு என்று எண்ணிவிடலாம். சூலு தரப்பில் ஆயிரத்துக்கும் மேல். ஆகஸ்டில் மன்னர் பிடிபட்டார். நாட்டை 13 துண்டாக்கினார்கள். 1887இல் பிரிட்டன் அதைத் தன்னோடு இணைத்துக்கொண்டது.

உலுண்டியை மேசையில் வைத்தால் ஆட்டமே நடக்காது. ஒருவர் பகடை உருட்டிக்கொண்டே இருப்பார். மற்றவர் பொம்மைகளை எடுத்துக்கொண்டே இருப்பார். இசாண்டுல்வானாவிலும் ரோர்க்ஸ் டிரிஃப்டிலும் ஆட்டம் இருப்பதால் அவற்றை ஆடுகிறார்கள். ஆனால் நாட்டின் தலையெழுத்தை எழுதியது உலுண்டி.

இந்த அவைக்குரிய விடை இங்கேதான் கிடைக்கிறது. வலிமை மட்டும் போதாது. இசாண்டுல்வானா அதற்குச் சாட்சி. அறிவும் வீரமும் மட்டும் போதுமா என்றால், அதுவும் போதாது. உலுண்டி அதற்குச் சாட்சி. ஆளையும் ஆயுதத்தையும்விடப் பெரிய வலிமை ஒன்று உண்டு. தோற்றாலும் மறுபடி வருவதற்கு வசதி இருப்பதுதான் அது. ஒருமுறை தோற்றால் முடிந்துபோகும் ஒருவனையும், பத்துமுறை தோற்றாலும் பதினோராவது முறை வரக்கூடிய ஒருவனையும் எதிரெதிரே நிறுத்தினால், எத்தனை புள்ளி கொடுத்தும் அந்த ஆட்டத்தைச் சமமாக்க முடியாது.

பொம்மையை வைத்துப் போர் நடத்துவது மாண்டவர்களைக் கேலி செய்வது ஆகாதா என்று சிலர் கேட்பதுண்டு. நியாயமான கேள்வி. ஒரே தரப்பை எப்போதும் தனக்கே வைத்துக்கொண்டு, எதிர்த்தரப்பைச் சுட்டுத் தள்ளும் பொம்மைகளாக மட்டும் பார்த்தால், கேலிதான். இதற்கு நல்ல ஆட்டக்காரர்கள் ஒரு மருந்து வைத்திருக்கிறார்கள். ஆட்டம் முடிந்ததும் பக்கம் மாறி மறுபடி ஆடுவது. மூட்டைச் சுவருக்குள் இருந்தவர் இப்போது வெளியே வர வேண்டும். பசித்த அணியைத் தீக்கு எதிரே அனுப்பும் கட்டளையை அவரே சொல்ல வேண்டும். ஒவ்வோர் அலையையும் ஓரத்தில் எடுத்துவைக்கும்போது, இதற்குப் பதிலாள் உண்மையில் இல்லை என்பது அவருக்குத் தெரியும். அதன்பிறகு அவர் அந்தப் பொம்மைகளைப் பழையபடி பார்க்க மாட்டார்.

ஆடுபுலி ஆட்டத்திலும் இதே வழக்கம்தானே? ஓர் ஆட்டம் முடிந்தால் புலி வைத்தவர் ஆட்டுக்கு மாறுவார். யாரும் சொல்லித்தராத நியாயம் அது. இன்றைக்கு யார் புலி என்பது நிலையில்லை என்பதைச் சிறுவர்கள் திண்ணையிலேயே கற்றுக்கொண்டார்கள்.

பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தையோடு இந்த உரை நிறைவு பெறுகிறது. எங்களிடம் ஆள்பலம் இல்லை, பணபலம் இல்லை, எப்படி முன்னேறுவது என்ற பேச்சு வீடுகளிலும் சங்கக் கூட்டங்களிலும் அடிக்கடி கேட்கிறது. பலம் குறைவு என்பது உண்மையாகவே இருக்கலாம். அப்படிப்பட்ட வீட்டில்தான் பிள்ளை தோற்பதற்கு இடம் கொடுக்க வேண்டும். ஒரு தேர்வில் சறுக்கியதும், ஒரு கடை நொடித்ததும், அதோடு உன் கதை முடிந்தது என்று சொல்லிவிட்டால், அந்தப் பிள்ளைக்கு இரண்டாவது படை வராது. வசதி உள்ளவன் பிள்ளைக்கு அது தானாகவே வரும். இல்லாதவன் பிள்ளைக்கு அதைக் குடும்பமும் சமுதாயமும்தான் அனுப்ப வேண்டும்.

மேசைமேல் விழுந்த பொம்மையை எடுத்து ஓரத்தில் வைத்து, அடுத்த சுற்றில் மீண்டும் அனுப்ப ஒரு கை இருக்கிறது. வீட்டில் அந்தக் கை யாருடையது என்று இன்றிரவு ஒருமுறை யோசித்துப் பாருங்கள்.